ஓட்டை இல்லாத கதை

காப்பீட்டு நிறுவனத்தில் தீ, விபத்து, திருட்டு என்று யார் எந்த இழப்பைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், அது நிஜம்தானா என்று நேரில் போய் விசாரித்துவிட்டு வருவதுதான் அவருடைய வேலை. இருபத்தெட்டு வருடமாக அதே வேலை. அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாமல் அங்கே ஒரு பென்சில்கூடத் தேயாது.

பொய்யைப் பிடிக்க அவர் வைத்திருந்த வழி ரொம்ப எளிது. கார் எரிவதைக் கண்ணால் பார்த்தவன் தட்டுத்தடுமாறித்தான் பேசுவான். "முதல்ல புகை வந்துச்சு, இல்ல இல்ல, அதுக்கு முன்னாடி ஒரு நாத்தம்" என்று முன்னும் பின்னும் ஓடுவான். பொய்க்காரன் வீட்டிலேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வருவான். மணி, இடம், ஆள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வரிசையைக் கண்டாலே பூதக்கண்ணாடிக்கு மூக்கு வேர்த்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கு வேர்த்தது, கல்யாணமாகி இரண்டு வருடமான அவருடைய ஒரே மகளைப் பார்த்து.

முன்கூட்டி ஒரு போன்கூடப் பண்ணாமல் பெட்டியோடு வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"எட்டே காலுக்கு ரயில் வந்துச்சுப்பா. வீட்ல பெயிண்ட் அடிக்கறாங்க. நேத்து ஹால் முடிஞ்சுது, இன்னிக்கு எங்க ரூம். எனக்கு அந்த வாசனை ஒத்துக்கல. அவர் அங்கயே இருந்து வேலையப் பாத்துக்கறார், வியாழக்கிழமை வந்து கூட்டிட்டுப் போவார். ஆபீஸ்ல லீவு எழுதிக் குடுத்துட்டேன்."

ஒரே மூச்சு. நடுவில் ஒரு 'வந்து' இல்லை, ஒரு 'அதாவது' இல்லை. பூதக்கண்ணாடி செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"என்ன கலரு?"

"வெளிர் மஞ்சள்."

"எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

"மூணு பேர்."

"ஏணி யாரோடது?"

"அவங்களே கொண்டு வந்தாங்கப்பா."

பிடித்துவிட்டேன் என்று நினைத்தார். வீட்டில் பெயிண்ட் அடிக்கும்போது ஏணி யாருடையது என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியும்? அப்பா கேட்பார் என்று பாடம் பண்ணிக்கொண்டு வந்தவளுக்குத்தான் தெரியும். சரி, என்னத்தை மறைக்கிறாள்? மாப்பிள்ளையோடு சண்டையா? அவன் கை நீட்டினானா? காபி ஆறுவதற்குள் மனசுக்குள் நாலு கோணத்தில் விசாரணை ஓடி முடிந்துவிட்டது.

மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினார். பெயிண்ட், ஹால், ரூம், வாசனை, வியாழக்கிழமை என்று அவனும் அதே வரிசையில் ஒப்பித்தான். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி பேசினால் என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது?

"கலர் எப்படி வந்திருக்குன்னு ஒரு போட்டோ அனுப்புங்களேன் மாப்பிள்ளை" என்றார், தேனொழுக.

அடுத்த நிமிடம் போட்டோ வந்தது. வெளிர் மஞ்சள் சுவர். மூன்று ஆட்கள். பெயிண்டரின் போன் நம்பர் எழுதிய ஏணி.

அவருக்குப் பயம் வந்தது அப்போதுதான். பொய் என்றால் பிடித்துவிடலாம். நிஜத்தை எதற்கு ஒருத்தி பாடம் பண்ணிக்கொண்டு வரவேண்டும்?

சமையலறையில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ எதையோ மறைக்கறா" என்றார் தாழ்ந்த குரலில்.

"எத வச்சு சொல்றீங்க?"

"அவ சொன்னதுல ஒரு ஓட்டைகூட இல்ல."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட யாருங்க ஓட்டையோட பேசறோம்? மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்தாக்கூட மாடிப்படி ஏறும்போதே நான் ஒருதரம் சொல்லிப் பாத்துப்பேன். ஏன் லேட்டு, யாரப் பாத்தேன், என்ன பேசினேன்... எல்லாம் சரியா வருதான்னு பாத்துட்டுத்தான் கதவையே தட்டுவேன்."

"எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆன ரெண்டாவது மாசம். இல்ல, மூணாவது... அந்தக் கண்ணாடி ஜாடி உடைஞ்சப்போ."

என் மனைவி எதையும் கோர்வையாகச் சொல்வாள் என்று நாலு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தவர் அவர். சுள்ளென்று வலித்தது. அவமானமாக இருந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? "இதையும் சொல்லிப் பாத்துட்டுத்தான் சொல்றியா?" என்று கேட்டார்.

"இல்ல. இது இப்பத்தான் வந்துச்சு."

மாசக் கணக்கிலேயே அவள் தடுமாறியிருந்தாள். அவர் நம்பினார்.

"அவ ஒண்ணு சொல்லத்தான் வந்திருக்கா. அத நான் சொல்ல முடியாது. போய் பக்கத்துல உக்காருங்க. விசாரிக்காதீங்க, அது போதும்" என்றாள் மனைவி.

"விசாரிக்காம எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவள் மறுபடி பீன்ஸ் நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மகள் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து, கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு துண்டை எடுத்து மடித்தார். கோணலாக வந்தது.

"அவருக்குப் போன் பண்ணீங்களாமே" என்றாள் அவள்.

"பண்ணேன்."

"போட்டோ கேட்டீங்களாம்."

"கேட்டேன்."

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஒரு தலையணை உறையை மடித்து முடித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னப்பா, சும்மா உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான்."

"அம்மா ஏதாவது சொன்னாளா?"

"இல்ல."

இப்போது சந்தேகம் மகளுக்கு. அவருக்கோ நாக்கின் நுனியில் இருபது கேள்விகள் முண்டியடித்தன. இன்னொரு துண்டை எடுத்து, அதையும் கோணலாகவே மடித்தார். ஏழெட்டுத் துணி முடிந்திருக்கும்.

"மூணாவது மாசம் நடந்துட்டிருந்துச்சுப்பா" என்றாள் அவள் திடீரென்று. "முடிஞ்சதும் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள... செவ்வாக்கிழமை. இல்ல, திங்கள். முந்தின நாளே லேசா வலிச்சுது, நான்தான் ஒண்ணும் இல்லன்னு... அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஆறு வாரம் ஆச்சு. இருந்ததையே சொல்லல, போனத எப்படிச் சொல்றது?"

ஆறு வாரம். மனைவி தன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நாலு நாள் போய் வந்தாளே, அதுதான் இது என்று அவருக்கு உறைத்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஊரார் பொய்யையெல்லாம் பிடித்துக்கொண்டு திரிந்தவருக்கு மட்டும் தெரியவில்லை.

"எந்த டாக்டர், வலிச்சதும் ஏன் போகல, கூட யாரு இருந்தா? இதெல்லாம் கேப்பீங்கன்னு தெரியும். எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கேன். ரயில்ல பூரா சொல்லிப் பாத்துட்டே வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் பெயிண்ட்டுதான் வந்துச்சு."

அவள் சொன்ன மூன்று கேள்விகளும் அதே வரிசையில் அவர் வாய்க்குள் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டார். குழந்தைக்காக வந்த துக்கம் ஒரு பக்கம், இவள் இத்தனை நாள் தன்னிடம் சொல்லாமலே சுமந்தாளே என்ற துக்கம் இன்னொரு பக்கம்.

"அன்னிக்குக் காலையில ஒரு வாளி தண்ணி தூக்கினேன்பா" என்றாள் அவள், கையிலிருந்த சட்டையைப் பார்த்தபடி. "அதனால இல்லன்னு டாக்டர் சொன்னார். அம்மாவும் இல்லன்னுதான் சொன்னா. அவரும் அதையேதான் சொல்றார். எல்லாரும் என் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு சொல்றாங்க. நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க. அதுக்குத்தான் வந்தேன். சொல்லுங்கப்பா, என் தப்பா?"

"இல்லம்மா."

"நீங்க விசாரிக்கவே இல்லையே."

"நீ சொன்னது போதும்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள், எங்காவது ஒரு விரிசல் தெரிகிறதா என்று தேடுவதுபோல. அவர் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் சட்டையைக் கீழே போட்டுவிட்டு, சின்ன வயதில் அழுத மாதிரி, வாய்விட்டு அழுதாள்.