என் மாட்டுக்கு நாலு சாட்சி

புருஷனுடைய அண்ணனோடு, அதாவது மூத்தாரோடு, தம்பி மனைவி நேராகப் பேசக்கூடாது. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அதுதான் வழக்கம். அவர் வந்தால் நான் உள்ளே போய்விட வேண்டும். அவர் ஏதாவது கேட்டால் நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் தூணைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ சொல்ல வேண்டும். எனக்குச் சுவரோடு பேசப் பிடிக்கவில்லை. அதனால் என் மாட்டோடு பேசினேன். மூத்தார் காதில் நன்றாக விழுகிற மாதிரி பேசினேன்.

எங்கள் ஊர் சிதம்பரத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் நடுவில் இருக்கிறது. என் அம்மா வீடு திருவதிகைப் பக்கம். அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி வந்தபோது சீராக ஒரு கிடாரியை ஓட்டி வந்தேன். செவலை நிறம். குட்டை. ஒரு கொம்பு நேராகவும் ஒரு கொம்பு காதுப் பக்கம் வளைந்தும் இருக்கும். மூத்தார் முதல் நாளே அதைச் சுற்றி வந்து, முதுகைத் தடவி, வால் பக்கம் மயிர் சுழித்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

"டேய் தம்பி, இது தொடப்பச் சுழிடா. வூட்ட சுத்தமா பெருக்கித் தள்ளிடும். ஒம் மாமனாரு வெவரமானவருதான். ஆகாத மாட்ட நம்ம தலையில கட்டிட்டாரு" என்றார்.

என் புருஷன் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் அண்ணன் எதைச் சொன்னாலும் அப்படித்தான் நிற்பார். எனக்கு வந்த கோபத்தில் மாட்டின் கழுத்தைத் தட்டி, "கேட்டுக்கடீ. நம்ம ரெண்டு பேரையும் சேத்துத்தான் சொல்றாங்க" என்றேன். நான் மாட்டோடு பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அந்த மாடு நான்கு ஈத்து ஈன்றது. முதல் ஈத்து காளைக்கன்று. அது வளர்ந்து எருதானதும் மூத்தார் தன் ஏருக்கும் வண்டிக்கும் எடுத்துக்கொண்டார். சேற்றில் அந்த எருது இறங்கினால் பக்கத்து வயல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். "எல்லாம் நான் போட்ட புண்ணாக்கு" என்பார் மூத்தார். இரண்டாவதும் காளைக்கன்று. அதைப் பரங்கிப்பேட்டை சாயபு ஒருவர் கடை மூட்டை இழுக்கும் வண்டிக்கு வாங்கிப் போனார். மூன்றாவது கிடாரி, வீட்டிலேயே நின்றது. நான்காவது பால் குடித்துக்கொண்டிருந்தது. ஒன்றுகூட நோஞ்சான் இல்லை, ஒன்றுகூடச் சாகவில்லை.

ஆனால் காலையில் கறக்க உட்கார்ந்தால் சொம்பு பாதிகூட நிறையாது. பாலை மடியிலேயே அடக்கிக்கொள்ளும். கன்றை அவிழ்த்துவிட்டால் அதே மடியில் கன்றின் வாயோரம் நுரை வழியும். பால் இல்லாத மாடு அல்ல. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அதற்கே ஒரு முடிவு இருந்தது. வீட்டில் பார்த்ததெல்லாம் சொம்பைத்தான், கன்றை யாரும் பார்க்கவில்லை.

பிறகு மூத்தார் சேத்தியாத்தோப்புச் சந்தையில் ஒரு வெள்ளைப் பசுவை வாங்கி வந்தார். உயரம், அழகான கொம்பு, தரையைத் தொடுகிற வால், எல்லாச் சுழியும் நல்ல சுழி. குண்டான் நிறையப் பால் கறந்தது. ஊரே வந்து பார்த்தது. நானும் அந்தப் பாலில் காப்பி குடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் முதல் கன்று நின்ற இடத்தில் விழுந்து செத்தது. இரண்டாவது வயிறு ஊதி, முதுகு கூனி, தாயின் பக்கத்தில் தவளை மாதிரி நின்றது. கன்றுக்கு ஒரு காம்பு விடாமல் கறந்தால் வேறு எப்படி நிற்கும்? இதைச் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் இல்லை. நான் சொன்னேன், மாட்டிடம்.

"வெள்ளச்சி மாதிரி நீயும் புள்ளைய பட்டினி போட்டிருந்தா ஒனக்கும் நல்ல பேரு கெடச்சிருக்கும்டீ."

மூத்தார் வைக்கோல் போரிலிருந்து பதில் கொடுப்பார். "டேய் தம்பி, ஒம் பொண்டாட்டி மாட்டுக்கிட்டப் பேசறா. மாடு பதில் சொல்லுதான்னு கேளு. சொன்னா திருவிழாவுல டிக்கெட்டு போட்டுக் காட்டலாம்."

அறுபதுகள் முடிய இருந்த ஒரு கோடையில் தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. கொட்டகையில் ஒரு வாயைக் குறைக்க வேண்டும் என்று மூத்தார் முடிவு செய்தார். எந்த வாய் என்று சொல்ல வேண்டியதில்லை. தரகரை வரவழைத்துத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிவிட்டார். திங்கட்கிழமை எங்கள் கயிற்றை அவிழ்த்துத் தரகர் கயிற்றை மாற்றி, மாட்டைக் கையில் கொடுப்பதாகப் பேச்சு. அந்தத் தரகர் அடிமாடுதான் வாங்குவார். மேற்கே கசாப்புக்குப் போகிற மந்தையில் சேர்த்துவிடுவார். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

அதே வாரத்தில் தண்டோரா போட்டார்கள். சனிக்கிழமை சிதம்பரத்தில் கால்நடைக் கண்காட்சி. உழவு மாட்டுக்குப் பரிசு, கறவைக்குப் பரிசு, "கன்னு வளத்த தாய்ப்பசுவுக்கும் பரிசு, அது ஈன்ன கன்னுங்கள கூட ஓட்டியாரணும்" என்று தண்டோராக்காரர் கத்திக்கொண்டு போனார். நான் சாணிக்கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். மூத்தார் அங்கே வெள்ளைப் பசுவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கேட்டியாடீ? சனிக்கெழம நீ போற. பரிசு வாங்கிட்டியானா எவன் கயித்த மாத்துறான்னு நான் பாக்கறேன்."

மூத்தார் விழுந்து விழுந்து சிரித்தார். "தம்பி, நல்லாக் கேட்டுக்க. அந்தக் கோணக்கொம்பு பரிசு வாங்கினா சாவற வரைக்கும் இந்தக் கொட்டாயில கெடக்கட்டும், நானே தண்ணி காட்டறேன். வாங்கலன்னா திங்கக்கெழம தரகனுக்கு. அப்பறம் பொம்பள வாயத் தொறக்கக் கூடாது."

அவரும் தன் வெள்ளைப் பசுவைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். கன்றோடு வரச் சொன்னார்களே என்று என் புருஷன் கேட்டதற்கு, "பசு அழகா இருந்தா கன்ன எவன்டா கேக்கப் போறான்?" என்றார்.

என் மாட்டின் நான்கு பிள்ளைகளும் எனக்கு வேண்டும். இரண்டு என் கையில். மறுநாளே என் புருஷனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். சாயபு கடை வாசலில் எருதுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா தங்கச்சி, வித்த மாட்ட திருப்பிக் கேக்க வந்தியா? தரமாட்டேன்."

"ஒரு நாளைக்கு இரவல் குடுங்க பாய்" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"இத பெத்த மாட்டையா அடிக்கு ஓட்டறாங்க? எவன்ம்மா அந்தப் புத்திசாலி?"

என் புருஷன் தரையைப் பார்த்தார். "எங்க அண்ணன்தாங்க."

"அப்ப எருத தனியா அனுப்பமாட்டேன். நானும் வரேன். எம் மாட்ட எவனாவது கொற சொன்னா நான்ல பதில் சொல்லணும்."

அது மூன்று. நான்காவது மூத்தாருடைய நுகத்தடியில் இருந்தது. என் புருஷன் போய்க் கேட்டார். "என் எருத அந்தத் தொடப்பச் சுழிக்குப் பக்கத்துல நிறுத்துவனா? போடா" என்று சொல்லியனுப்பினார். நான் அழவில்லை. மாட்டைக் கழுவக்கூட இல்லை. அதன் விலாவில் எலும்பு தெரிந்தது. தெரியட்டும், அது தின்றதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று நடத்தியே ஓட்டிப் போனேன்.

கண்காட்சித் திடலில் கொம்புக்குச் சாயம், கழுத்துக்கு மணி, நெற்றிக்குச் சந்தனம் என்று மாடுகள் கல்யாணப் பெண்கள் மாதிரி நின்றன. மூத்தார் வண்டியில் வந்து இறங்கினார். வெள்ளைப் பசு வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்தது. வண்டியை இழுத்து வந்தது யார் என்று பார்த்தேன். வலது பக்கம் என் மாட்டின் மூத்த பிள்ளை. எனக்குச் சிரிப்பு வந்தது. தரமாட்டேன் என்றவர் தானே ஓட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்!

கால்நடை டாக்டர் இளவயசுக்காரர், வெயிலில் முகம் சிவந்து போயிருந்தார். ஒவ்வொரு மாட்டுக்காரரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். "இதோட கன்னுங்க எங்க?" பாதிப் பேர் தலையைச் சொறிந்தார்கள். மூத்தார் முறை வந்தது.

"ஒண்ணு செத்துப்போச்சிங்க. ஒண்ணு வூட்ல இருக்கு. பால் பாருங்க சார், குண்டான் ரொம்பும்."

டாக்டர் வெள்ளைப் பசுவின் முதுகை அமுக்கிப் பார்த்தார். "நல்ல கறவைதாங்க. அந்தப் பக்கம் கறவைக்குத் தனியாப் போட்டி நடக்குது, அங்க நிறுத்துங்க. இங்க கன்னு வளத்த மாடுதான்" என்று நகர்ந்தார்.

புவனகிரிப் பக்கத்து மாடு ஒன்று மூன்று கன்றுகளோடு நின்றது. மூன்றும் நல்ல கன்றுகள். டாக்டர் என் மாட்டிடம் வந்தார். பக்கத்தில் சாயபுவின் எருது, கிடாரி, பால்கன்று. டாக்டர் அவற்றின் மார்பையும் தொடையையும் தட்டிப் பார்த்துவிட்டு என் புருஷனிடம் கேட்டார். "எத்தன ஈத்து? ஈத்துக்கு ஈத்து எவ்வளவு இடைவெளி? எப்ப பால் மறந்துச்சி?"

என் புருஷன் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எந்தக் கன்று எந்த நடவில் பிறந்தது, எது எந்த அறுப்பில் பால் மறந்தது, மறந்த பிறகும் எது இளைக்காமல் நின்றது, எல்லாம் சொன்னேன். பெற்றவளுக்கு இதெல்லாம் மறக்குமா? மாடு சொல்லாது, அதனால் நான் சொன்னேன்.

"நாலுன்னு சொல்றீங்க. மூணுதான் நிக்குது. அந்த மாட்டுக்கும் மூணு. ரெண்டும் ஒத்த நெலதான். மொத ஈத்து வந்தா பாக்கலாம். எங்க அது?"

மூத்தார் கூட்டத்தில் நான்கு ஆளுக்கு அப்பால் நின்றார். நான் பழக்கதோஷத்தில் மாட்டைப் பார்த்தேன். "ஒன் மூத்த புள்ள எங்கன்னு கேக்கறாரு. சொல்லேன்டீ. அதோ வேப்பமரத்தடியில நொகத்துல நிக்கிதுன்னு சொல்லேன்."

கூட்டம் சிரித்தது. டாக்டர் முழித்தார். "யாருகிட்டம்மா பேசறீங்க?"

என் புருஷன் என் முந்தானையைப் பிடித்து, "வேணாம், வந்துரு" என்றார். நான் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மூத்தாரை முகத்துக்கு நேராகப் பார்த்தேன்.

"மாமா, அந்த எருத அவுத்துக்கிட்டு வாங்க. நீங்க புண்ணாக்கு போட்டது நெசந்தான். இல்லேங்கல. ஆனா புண்ணாக்கு எலும்ப குடுக்காது. எலும்பு இவ குடுத்தது. இவன் பொறக்கறப்ப பின்னங்காலு மொதல்ல மாறி வந்து பாதியில நின்னப்ப நாந்தான் கையவிட்டு இழுத்தேன். நீங்க அன்னிக்கி சந்தைக்குப் போயிருந்தீங்க."

எங்கள் ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். மூத்தார் முகம் கறுத்துவிட்டது. அசையவில்லை. அப்போது சாயபு தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணே, எம் மாடு ஒத்தையில நிக்குது. ஒங்களுத பக்கத்துல நிறுத்துங்க, எது ஒசத்தின்னு பாப்போம். தோத்துருவோம்னு பயமா இருந்தா வேணாம்."

"யாருக்குய்யா பயம்? மூட்ட இழுக்கற மாடு என் எருது பக்கத்துல நிக்குமா?"

சொன்ன வேகத்திலேயே போய் நுகத்தை அவிழ்த்தார். எருதை ஓட்டி வந்து அதன் தாய்க்கு மறுபக்கத்தில், கூடப் பிறந்த சாயபு எருதுக்கு நேராக நிறுத்தினார். ஒரே அச்சு. அதே மார்பு, அதே குளம்பு, அதே முரட்டுக் கழுத்து. நடுவில் அந்தக் குட்டைச் செவலை, கோணக்கொம்பும் விலா எலும்புமாக அசை போட்டுக்கொண்டு நின்றது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மூத்தாரால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒரு நாள் படுத்ததில்ல சார். முழங்கால் சேத்துல ஏர இழுக்கும்" என்று டாக்டரிடம் தானே சொல்ல ஆரம்பித்தார்.

"இந்தப் பசுவுக்குப் பொறந்ததுதானே?" என்றார் டாக்டர்.

ஊர் முழுக்க நிற்கிறது. மூத்தார் என்னைப் பார்த்தார், எருதைப் பார்த்தார். "ஆமா சார். மூத்தது" என்றார்.

பரிசு மாலையை என் மாட்டின் கழுத்தில் போட்டார்கள். அது மாலையில் பாதியை அங்கேயே தின்றது. பித்தளைக் குடத்தை என் கையில் கொடுத்தார்கள். புவனகிரி மாட்டுக்காரர் வந்து என் மாட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார், நல்ல மனுஷர். திரும்பும்போது மூத்தார் எங்களை வண்டியில் ஏறச் சொல்லித் தம்பியிடம் சொன்னார். நான் ஏறவில்லை. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மாட்டோடு நடந்தேன். வழியில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

திங்கட்கிழமை தரகர் புதுக் கயிற்றோடு வந்தார். மூத்தார் கொட்டகையில் பரிசுக் குடத்தில் என் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம். பித்தளைக் குடத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"கயித்த எடுத்துக்கிட்டுப் போய்யா. இது எங்க எருதோட தாயி" என்று தரகரை விரட்டினார். பிறகு மாட்டின் காதருகே குனிந்து, எனக்குக் கேட்கிற மாதிரி, "இன்னும் ஒரு ஈத்து காளையா போடச் சொல்லி ஒன்ன வளத்தவுங்க சொன்னா கேப்பியா?" என்றார்.

"மாமா, நான் இங்கதான் நிக்கிறேன். எங்கிட்டயே கேளுங்க" என்றேன்.

அன்றிலிருந்து நான் மாட்டோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். முதலில் சொன்னது, வெள்ளைப் பசுவின் கன்றுக்கு இரண்டு காம்பு விடுங்கள் என்பது. விட்டார்.