இரண்டாவது ஓடிபி

ரங்காத்தாள் அக்காவைத் திருடி என்று என் காதில் சொன்னவனின் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பது அவனுக்குத்தான் நல்லது.

அன்று விடிந்தும் விடியாத நேரம். வேலம்பாளையத்தில் என் வாடகை வீட்டுக்கு முன்னால் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் ஒருவன், "சந்தனம்தானே? அந்தத் திருடி ரங்காத்தாள் கடன் வாங்கிட்டு ஏமாத்துறா. உன் பேரைத்தான் குடுத்திருக்கா. அவளைக் கட்டச் சொல்லு, இல்லன்னா உன் வீட்டுக்கும் ஆள் வரும்" என்றான். நான் சிவகாசிப் பக்கத்துக்காரி. இப்படிப் பேசுகிறவனுக்கு எங்கள் ஊரில் பதில் சொல்லும் முறையே வேறு. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த முறையிலேயே சொன்னேன். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்து மூடின.

அக்காவும் நானும் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நான் செக்கிங் மேசையிலேயே நின்றுவிட்டேன், அவர் செக்கிங் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆகிவிட்டார். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால், அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது எங்கள் வேலை. நான் முன்பு இருந்த கம்பெனிகளில், அவசரத்துக்குச் செக்கிங் பெண்களே அதைப் பிரித்துச் சரிக்கட்டிவிடுவார்கள். அக்காவிடம் அது நடக்காது. பீஸ் கட்டோடு வரும் சீட்டைப் பார்த்து, எந்த டெய்லர் தைத்தது என்று கண்டுபிடித்து, அந்த மெஷின் வரைக்கும் தானே நடந்து போவார்.

"நீங்க தெச்சதுங்க. நீங்களே பிரிச்சுத் தெச்சுக் குடுத்துருங்க" என்பார்.

குரலில் கோபம் துளியும் இருக்காது. அக்காவுக்குச் சொந்த ஊர் சேவூர். என்னைப் போல நெருங்கியவர்களிடம் தவிர, ‘ங்க’ போடாமல் வாயைத் திறக்கத் தெரியாது. தெரு நாயை விரட்டினாலும் "போங்க" என்றுதான் விரட்டுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். ஆனால் அந்தப் பீஸ் திரும்பி வரும்வரை இடத்தை விட்டு நகரமாட்டார். எத்தனையோ டெய்லர்கள் முறைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பிரித்திருக்கிறார்கள்.

அவரிடம் இன்னொரு பொறுப்பும் இருந்தது. தையல் நடக்கும் இடத்தில் போன் கூடாது என்பது கம்பெனி விதி. காலையில் உள்ளே வரும்போது எல்லோரும் போனை ஒரு தகரப் பெட்டியில் போட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் திறப்பார்கள், பிறகு மறுபடி பூட்டு. அந்தச் சாவி அக்காவின் இடுப்பில் தொங்கும். வேறு யாரிடம் கொடுத்தாலும் பெண்கள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

காலையில் வந்த அழைப்பைச் சொன்னதும் அக்கா திடுக்கிடவில்லை. அவருக்கும் நாலைந்து நாளாகவே வந்துகொண்டிருந்ததாம். அவர் பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை.

"உன்ற நம்பர் அவனுக்கு எப்படிக் கண்ணு கெடச்சுது? நான் உன்ற நம்பரைக் குடுத்தது ஒரே எடத்துலதான். இங்க வேலைக்குச் சேரும்போது, அவசரம்னா யாரைக் கூப்பிடறதுன்னு கேட்டாங்கல்ல, அங்க மட்டுந்தான். எங்கூட்டுக்காரர்தான் போனடிச்சா எடுக்கவே மாட்டாரே."

எனக்குச் சுருக்கென்றது. வெளியே இருக்கும் எவனோ செய்த வேலை இல்லை இது. எங்கள் கம்பெனிக்குள்ளிருந்துதான் போயிருக்கிறது.

மதியம் பெட்டியைத் திறந்த கையோடு அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"கட்டுறியா இல்லையா? உன் போட்டோவைப் போட்டு எல்லாருக்கும் அனுப்பிடுவேன்" என்று அவன் கத்தினான்.

"நல்லாச் சோறு திங்கற நேரத்துல கூப்பிட்டிருக்கீங்க கண்ணு. சாப்பிட்டீங்களா? நான் வாங்காத கடனுங்க இது. உங்க பேரு என்ன, எந்தக் கம்பெனி, ஆபீசு எங்கன்னு சொல்லுங்க. நான் நேர்லயே வாரேன்."

கெட்ட வார்த்தைக்குப் பதில் வைத்திருப்பான், அழுகைக்கும் வைத்திருப்பான், சாப்பிட்டாயா என்பதற்கு வைத்திருக்கவில்லை போலிருக்கிறது. போனை வைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு அக்கா வங்கிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே அனுப்பிரியா என்று ஒரு இளம் அதிகாரி. அவர் வைக்கச் சொன்ன கையெழுத்துகளை வைத்த பிறகு, அக்காவின் பேரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தார். போனிலேயே கடன் கொடுக்கும், எங்கள் காதில்கூட விழுந்திராத ஏதோ ஒரு ஆப் கம்பெனியின் கடன் இருந்தது. பணம் போய் விழுந்த கணக்கு அக்காவுடையதே இல்லை.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். கடன் வசூலிப்பவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. கடன் வாங்கியவரிடம் மட்டும்தான் பேச வேண்டும், உறவுக்காரரிடமும் கூட வேலை செய்பவரிடமும் சொல்லி மானத்தை வாங்கக் கூடாது. கடனே நம்முடையது இல்லை என்றால் அந்தக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம், அவர்கள் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கிக்குப் போகலாம். 1930 என்ற எண்ணில் சைபர் போலீசுக்கும் சொல்ல வேண்டும்.

"ஒன்னு மட்டும் பண்ணீராதீங்கக்கா. தொல்லை விட்டாப் போதும்னு கொஞ்சமாவது கட்டீராதீங்க. கட்டுனா, கடன் என்னுதுதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றார் அனுப்பிரியா.

"நான் தெக்காத பீஸை நான் எதுக்குங்க பிரிக்கோணும்" என்றார் அக்கா. அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

ஆப் கம்பெனிக்கும் சைபர் போலீசுக்கும் அன்றே புகார் கொடுத்தாயிற்று. ஆனால் விஷயம் அதற்குள் பிரபாகர் வரைக்கும் போயிருந்தது. பிரபாகர் எங்கள் கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி, ஹெச்ஆர். நல்ல பையன், கொஞ்சம் பயந்த சுபாவம். அந்தக் கடன் கும்பல் அவருடைய மேசை போனுக்கும் கூப்பிட்டுவிட்டது. அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். நான் கதவருகே நின்றேன். போ என்று யாரும் சொல்லவில்லை.

"அடுத்த வாரம் நம்மகிட்டத் துணி வாங்கற பையர்கிட்ட இருந்து ஆடிட் வருதுங்கக்கா. சின்னத் தொகைதானுங்க. கட்டீட்டு விட்டுருங்களே, நான் வேணா அட்வான்ஸ் போட்டுத் தாரேன். இது வெளிய வந்தா உங்களுக்குத்தானுங்க கஷ்டம்" என்றார் பிரபாகர்.

"எனக்கென்னங்க கஷ்டம்?"

அவர் தயங்கிவிட்டுச் சொன்னார். "போனுக்கு ஓடிபி வராமக் கடன் வாங்க முடியாதுங்க. பகல் பூரா எல்லாரு போனும் பொட்டிக்குள்ள இருக்குது. சாவி உங்ககிட்ட இருக்குது. இன்னும் ரெண்டு பேருக்கு இப்படி ஆயிருந்தா, பேச்சு யாரு மேலீங்க வரும்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன், "பயமா இருக்காக்கா?"

"இல்லாம இருக்குமா கண்ணு. ரங்காத்தா எடுத்திருப்பாளோன்னு ஒருத்தி நெனச்சாப் போதும். அதுக்கப்புறம் அந்தப் பொட்டியத் தொட எனக்குக் கை வராது. ஆனா ஒன்னு. என்ற பேரு எங்கிருந்து போச்சோ, அங்கிருந்து இன்னும் எத்தன பேரு போச்சோ. அவிய யாருகிட்டயும் சொல்லாம எந்த மூலைல உக்காந்து அழுவறாங்களோ. நான் என்ற மானத்தைக் காப்பாத்திக்கோணும்னு வாயை மூடிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே கட்டித் தொலைத்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

அடுத்த நாள் சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில், அக்கா எழுந்து நின்றார்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. என்ற பேருல யாரோ கடன் வாங்கீட்டாங்க. வசூல்காரங்க கண்ட நேரத்துல கூப்பிட்டுக் கண்டபடி பேசறாங்க. நான் கட்டப் போறதில்லீங்க, போலீசுக்குச் சொல்லீட்டேன். உங்கள்ல யாருக்காச்சும் இப்படி ஆயிருந்தா வெக்கப்படாமச் சொல்லுங்க. சேந்து போலாம்."

ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் டெய்லர் மருதம்மாள் சோற்றில் கையை வைத்தபடியே அழ ஆரம்பித்தாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறாளாம். தன் போனை யாரோ தவறாக அமுக்கித்தான் கடன் வந்துவிட்டது என்று நினைத்தாளாம். அவள் சொன்னதும் அந்த மூலையிலிருந்து ஒருத்தி, இந்த வரிசையிலிருந்து ஒருத்தி என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரே கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் கட்டியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மருதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் பழைய மெசேஜைத் தேடி எடுத்தாள். கடனுக்கு வந்த ஓடிபி அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள் முகம் மாறியது.

"இது வேலை நேரத்துல வந்திருக்குதுங்க. அந்நேரத்துக்குப் போனு பொட்டிக்குள்ளதான இருந்திருக்கும்." அவள் குரல் இறங்கியது. "சாவி உங்ககிட்டத்தானுங்களே இருக்குது அக்கா."

நான் பாய்ந்து எழுந்தேன். அக்கா என் தோளை அமுக்கி உட்கார வைத்தார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, மருதம்மாளின் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாயமான கேள்வி மருதம்மா. மொதல்ல என்னையத்தான் கேக்கோணும். போலீசுல மொதப் பேரா என்ற பேரையே எழுதிக் குடுங்க, நான் கூட வந்து நிக்கறேன். இப்ப ஒன்னு பாருங்க. அது எந்தத் தேதி?"

மருதம்மாள் தேதியைப் படித்தாள். மற்றவர்களும் தங்கள் போனைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அதே தேதி. பின்னால் இருந்து யாரோ, "அன்னைக்குப் பிஎஃப் வேல நடந்துச்சுல்ல" என்றார்கள்.

பிஎஃப் வேலை என்றால் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்களை அனுப்பும் காண்ட்ராக்டரிடம் இருந்த முனீஸ் லேப்டாப்போடு வந்து ஓரத்து மேசையில் உட்காருவான். எங்கள் ஆதார், பான் நகல்கள், சேரும்போது கொடுத்த அவசர எண்கள் முழுக்க அவனிடம் இருக்கும். அன்று மட்டும் போனை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். மெஷினை நிறுத்தினால் உற்பத்தி கெடும் என்று யாரும் எழுந்து போவதில்லை. அவன் பேரைக் கூப்பிடுவான், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓடிபியைக் கத்திச் சொல்வோம். நான் அன்று அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இல்லையென்றால் எல்லாரையும் விட உரக்கக் கேட்டது என் குரலாகத்தான் இருந்திருக்கும்.

"மொதச் சொன்னது போகலன்னு சொன்னானே. இப்ப வந்ததையும் சொல்லுங்கன்னு கேட்டானே" என்றாள் மருதம்மாள் மெதுவாக. "நான் ரெண்டையும் சொன்னேன்."

முதலாவது பிஎஃப்புக்கு. இரண்டாவது கடனுக்கு. அக்காவும் இரண்டையும் சொல்லியிருந்தார்.

"மிசின் சத்தத்துக்கு மேல கத்தி ஓடிபியச் சொன்னம்" என்றார் அக்கா. "கடன்காரன் கூப்பிட்டதை மட்டும் யாருக்கும் கேக்காமப் பேசிட்டு இருந்திருக்கறம்."

மணி அடித்தது. போன்களைத் திரும்பப் பெட்டியில் போட வேண்டும். சாவி மேசையிலேயே கிடந்தது. அக்கா அதைத் தொடவில்லை. மருதம்மாள் எழுந்து கை கழுவி வந்து, சாவியை எடுத்து, முந்தானையில் துடைத்து, தானே அக்காவின் இடுப்பில் கட்டிவிட்டாள். கட்டும்போது மறுபடி அழுதாள். அக்காவும் அழுதார், நானும்தான்.

சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து போலீசுக்குப் போனோம். ஆடிட்டை நினைத்துப் பயந்த பிரபாகரே அன்று வேன் ஏற்பாடு செய்து, முனீஸ் வந்துபோன பதிவுகளையும் எடுத்துக்கொண்டு கூட வந்தார். அவனும் கொஞ்ச நாளில் அகப்பட்டான். ஆப் கம்பெனி முதலில் மழுப்பியது. அனுப்பிரியா சொன்னபடி மேலே மேலே எழுதிய பிறகுதான், கடன் எங்களுடையது இல்லை என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்து, பேரையும் நீக்கியது. மருதம்மாள் கட்டிய பணமும் இழுத்தடித்து வந்து சேர்ந்தது. விடியற்காலை அழைப்புகள் நின்றன. எனக்குத்தான் அந்தப் போன்காரனை இன்னொரு தடவை திட்ட முடியவில்லையே என்று கொஞ்சம் குறை.

போன வாரம் மறுபடி பிஎஃப் வேலை வந்தது. இந்தத் தடவை பிரபாகரே லேப்டாப்போடு உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"மருதம்மாக்கா, ஓடிபி சொல்லுங்க."

மருதம்மாள் மெஷினை நிறுத்தினாள். போனை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். அவள் பின்னால் அந்த வரிசையே எழுந்தது. அதற்கடுத்த வரிசையும் எழுந்தது. மெஷின் சத்தம் அடங்கி, ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் ஓடி வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னால் ஆகாதா, உற்பத்தி என்னாவது என்று சத்தம் போட்டார்.

"என்ற பேருங்க" என்றாள் மருதம்மாள். "நானே வந்து போட்டுக்கறேனுங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவே இல்லை. விளக்கடியில் ஒரு பீஸை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லோரும் போய் வந்து உட்கார்ந்த பிறகும் அவர் கையில் அதே பீஸ்தான் இருந்தது.