தோளில் கிடந்த கை

பட்டாளத்தில் சர்வீஸ் முடித்து வருகிறவருக்கு எங்கள் பக்கத்தில் ப்ளெக்ஸ் வைக்காமல் விடமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே மாலை, வேட்டு, டிரம் செட், ஆரத்தி எல்லாம் உண்டு. அரிமளத்தில் ப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன் என்பதால் அந்த வரவேற்பில் பாதி என் மெஷினிலிருந்துதான் வெளியே வரும். டிசைனில் பெரிய மாற்றம் இருக்காது. நடுவில் யூனிபாரத்தில் அவர், பின்னால் கொடி, ஓரத்தில் பனிமலை. இடப்பக்கம் பட்டுச்சேலையில் மனைவி. அந்த மனைவியை ஏதோ ஒரு கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்து, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, அவர் தோளை ஒட்டி நிற்க வைப்பது என் வேலை. அதைச் செய்யும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். முன்பின் தெரியாத பெண்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆம்பளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பட்டாளத்தில் ஒருவன் இருந்தான். புதுக்கோட்டையில் பாலிடெக்னிக் ஒன்றாகப் படித்தோம். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். படிப்பு முடிவதற்குள் நாங்கள் வெறும் கூட்டாளிகள் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சேர்ந்தேதான் ஓடிப் பழகினோம், சேர்ந்தேதான் வரிசையில் நின்றோம். அவன் தேறிவிட்டான். எனக்கு நெஞ்சளவு பத்தவில்லை. எவ்வளவு மூச்சை இழுத்துப் பிடித்தும் டேப் பிடித்தவர் தலையை ஆட்டிவிட்டார். திருச்சி ஜங்ஷனில் அவனை ரயிலேற்றும்போது அவனுடைய ஆத்தா கட்டிப்பிடித்து அழுதது, அக்கா அழுதது. நான் அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

லீவில் வந்தால் அவன் எல்லோருக்கும் சொந்தம். ஆத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும், அக்கா வீட்டு விருந்துக்கு விராலிமலை போகணும், பெண் பார்த்து வைத்திருப்பவர்களிடம் இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லணும். மிச்சம் கிடக்கிற சாயங்காலம் எனக்கு. பைக்கில் நார்த்தாமலை போய்ப் பாறையில் ஏறி, கோயிலுக்குப் பின்பக்கம் உட்கார்ந்திருப்போம். வெயில் சாய்ந்த பிறகும் பாறை சுட்டுக்கொண்டிருக்கும். "கூட்டாளின்னா இவிங்க ரெண்டு பேரு மாதிரில்ல இருக்கணும்" என்று ஊரில் பாராட்டுவார்கள். அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் அவன் ஆத்தாமேல், அக்காமேல் இருந்த பொறாமையெல்லாம் சில்லறை. மொத்தப் பொறாமையும் இன்னொருத்தன்மேல்தான். பட்டாளத்தில் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார்கள். காவலுக்குப் போனாலும் சாப்பாட்டுக்குப் போனாலும் ஒருத்தனுக்கு ஒருத்தன் பொறுப்பு. இவனுக்கு ஜோடி வேலூர்ப் பக்கத்துக்காரன் ஒருத்தன். கல்யாணமானவன், இரண்டு பிள்ளைகள். இவன் போன் பேசும்போதெல்லாம் பின்னால் அவன் குரல் கேட்கும். இவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், காய்ச்சல் வந்தால் என்ன உளறுவான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். லீவில் வந்து பத்து வார்த்தை பேசினால் அதில் நாலு வார்த்தை அவனைப் பற்றித்தான் இருக்கும். "ஜோடின்னுதான் சொல்லணுமா, வேற வார்த்தையே இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். "அது டியூட்டி மாப்ள" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பனியில் நின்று எடுத்த படம் ஒன்று அனுப்பியிருந்தான். அவ்வளவு நல்ல படம் அவனுக்கு வேறு கிடையாது. கன்னம் சிவந்து, பல் தெரியச் சிரிக்கிறான். பக்கத்தில் வேலூர்க்காரன், இவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. கடையில் ஆள் இல்லாத மத்தியானம் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வேலூர்க்காரனை வெட்டியெடுத்துவிட்டேன். உடம்பை வெட்டப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தோளில் கிடந்த அந்தக் கையை எடுக்கத்தான் முக்கால் மணி நேரம் ஆனது. உடுப்பின் பச்சைப் புள்ளிகளை வேறு இடத்திலிருந்து எடுத்து நாலு விரலின் மேலும் பூசிப் பூசி மறைத்தேன். முடித்த ஆத்திரத்தில் பழைய படத்தின் மேலேயே சேவ் செய்தும் விட்டேன். ப்ளெக்ஸ் தொழிலில் கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு அது. இவன் போன் அதற்குள் தண்ணீரில் விழுந்து வீணாகிப் போனதால், முழுப் படம் எங்கள் இரண்டு பேரிடமும் இல்லாமல் போனது.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. பட்டாளத்துக்கு மட்டும் தனிச் சட்டம், அங்கே வெளியே தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. கடைக்கு ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் வருவார், முன்னாள் படைவீரர் கூட்டங்களுக்கு என்னிடம்தான் பேனர் அடிப்பார். ஒருநாள் கையில் பேப்பரோடு வந்து அந்தப் பேச்சை அவரே எடுத்தார்.

"கோர்ட்டு ஆயிரம் சொல்லட்டும் தம்பி. பட்டாளத்துக்கு அது சரிவராது."

"ஏங்கய்யா?"

"ஒரே கொட்டாயில முப்பது பேரு படுப்போம். ஒருத்தன் உசுரு இன்னொருத்தன் கையில. பக்கத்துல படுக்குறவன் இப்புடின்னு தெரிஞ்சா எவனுக்குத் தூக்கம் வரும்? கட்டுப்பாடே போயிரும்."

"அப்ப, தெரியாமப் படுத்தா தூக்கம் வருமாங்கய்யா?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீ அந்த அசோகச் சக்கரத்த நேராப் போடு" என்றார்.

நேராகத்தான் போட்டேன். கெட்ட மனிதர் இல்லை, நாலு சண்டை பார்த்தவர். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று மட்டும் மனதிலேயே நின்றுவிட்டது. ஒருத்தன் உயிர் இன்னொருத்தன் கையில் என்றால், அந்த உயிருக்கு ஒன்று ஆனால் யாருக்குச் சொல்லி அனுப்புவார்கள்? ஆபீஸ் காகிதத்தில் ஆத்தா பேர் இருக்கிறது, அக்கா பேர் இருக்கிறது. என் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. வேலூர்க்காரன் பொண்டாட்டிக்கு அரை மணி நேரத்தில் தகவல் போய்விடும். எனக்குப் பஸ் ஸ்டாண்டில் டீக் குடிக்கிற எவனாவது சொன்னால்தான் உண்டு. 

அடுத்த லீவில் பாறையில் உட்கார்ந்து இதைத்தான் கேட்டேன். "ஊரு பூராச் சொல்லச் சொல்லல. அங்க ஒரே ஒருத்தன்கிட்ட எம்பேரச் சொல்லி வையி. ஒனக்கு ஏதாச்சும்னா அவன் எனக்குச் சொல்லட்டும்."

"சொன்னது மேல போயிருச்சுன்னா பென்ஷன் போயிரும் மாப்ள. ஆத்தாவ யாரு பாக்குறது?"

"நான் பாக்குறேன்."

"நீ பாப்ப. எம்பேரு கெட்டுப்போச்சுன்னா ஒன்னைய அந்த வீட்டு வாசல்ல ஏறவிடுமா அது?"

கோபத்தில் எழுந்து பாறையிலிருந்து இறங்கிவிட்டேன். அந்த லீவில் மிச்சமிருந்த மூன்று நாளும் அவனோடு பேசவில்லை. திருச்சிக்கு வழியனுப்பக்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு சண்டை போட்டோம், சமாதானமானோம், வருஷங்கள் போயின. அவனுக்கு ஒரு வருஷ சர்வீஸ் மிச்சமிருந்தபோது எட்டு நாள் சேர்ந்தாற்போல் போன் வரவில்லை. மலைமேல் காவல் போஸ்ட்டில் இருந்தால் அப்படித்தான் என்று ஐந்து நாள் சமாளித்தேன். ஆறாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன், ஆத்தாவின் போனுக்கு ரீசார்ஜ் பண்ணுகிற சாக்கில். "என்னப்பா மூஞ்சி இப்புடி இருக்கு? அங்கருந்து போன் வந்தா எனக்குத்தான வரும், ஒனக்குச் சொல்லாமயா இருப்பேன்" என்றது அது. பாசமாகத்தான் சொன்னது. ‘எனக்குத்தான வரும்’ என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு பூப்புனித நீராட்டு விழா ப்ளெக்ஸ் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, நான் அவனோட ஜோடி பேசறேன். வேலூர்."

குரல் தெரிந்த குரல்தான். எத்தனை வருஷம் பின்னணியில் கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினேன்.

"பயப்படாதீங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல. வண்டி உருண்டிருச்சு. கால் ரெண்டு எடத்துல ஒடிஞ்சிருக்கு, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, கண்ண முழிச்சிட்டான். வீட்டுக்கு ஆபீஸ்லேருந்து சாயங்காலம்தான் சொல்வாங்க. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு எனக்கு உத்தரவு."

"யாரு உத்தரவு?"

"அவன்தான். மேல ஏறறதுக்கு முன்னாடி நாங்க ஜோடி ஜோடியா சீட்டு மாத்திக்குவோம்ணா. ஏதாச்சும் ஆனா யாருக்கு மொதல்ல சொல்லணும்னு அதுல எழுதியிருக்கும். ஆபீசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. என் சீட்டுல எம் பொண்டாட்டி நம்பர். அவன் சீட்டுல உங்க நம்பர். ஆறு வருசமா என் பர்ஸ்லதான் இருக்கு."

ஆறு வருஷம். நான் பாறையில் கோபித்துக்கொண்டு எழுந்து போன அந்த லீவு முடிந்து போனவன், போன கையோடு சொல்லியிருக்கிறான். நான் யாருடைய கையை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அழித்தேனோ, அவன் என் நம்பரைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

சாயங்காலம் நாலு மணிக்கே போய் அவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஆத்தா அலறியபோது நானும் அப்போதுதான் கேட்கிற மாதிரி நடித்தேன். நடிப்பு எனக்கு வராது. அது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுததில் என் முகத்தைக் கவனிக்கவில்லை.

இவ்வளவு ஆன பிறகாவது பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அவன் பேசியபோது, நலம் விசாரித்த கையோடு நான் கேட்டது, "அவன்கிட்டச் சொன்னத என்கிட்ட ஏன் சொல்லல?" என்றுதான்.

"சொன்னா நீ விடுவியா? அவன் என்ன சொன்னான், மூஞ்சி எப்புடிப் போச்சுன்னு ஆறு மாசம் கேப்ப."

"சரி, என்ன சொன்னான்?"

"நம்பரச் சொல்லுன்னான்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, படுத்துத் தூங்கிட்டான். அவன் கொறட்டையில எனக்குத்தான் தூக்கம் போச்சு."

சுபேதாரிடம் இதைச் சொல்லவேண்டும் என்று வாய் துடித்தது. தெரிந்தே பக்கத்தில் படுத்தவன் ஆறு வருஷமும் நன்றாகத் தூங்கியிருக்கிறான். உருண்ட வண்டியிலிருந்து இவனை இழுத்துப் போட்டவனும் அவன்தான். ஒருத்தனிடம் சொன்னதை முப்பது பேரிடமும் சொல்லலாம் என்று இருந்திருந்தால், என் நம்பர் பர்ஸுக்குள் ஒளிந்து கிடந்திருக்காது, ஆபீஸ் காகிதத்திலேயே இருந்திருக்கும். ஆனால் சுபேதாரிடம் சொன்னால் பென்ஷன் வந்து சேரும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு அவர் கேட்ட பேனரை மடித்துக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

போன மாதம் அவன் சர்வீஸ் முடிந்து வந்தான். ப்ளெக்ஸ் என் பொறுப்பு. அவன் அக்கா மாப்பிள்ளை கடைக்கு வந்து ஸ்க்ரீனில் இடப்பக்கத்தைப் பார்த்தார். "அங்கிட்டு எடம் சும்மா கெடக்கே, பொண்டாட்டி இருந்தா வைக்கலாம். கோபுரத்தப் போட்டுருப்பா" என்றார். நான் வேலூர்க்காரனுக்குப் போன் போட்டேன். பழைய பனிப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். என்னிடம் இருந்தது என்ன ஆனது என்று அவன் கேட்டான். கெட்டுப்போச்சு என்றேன். அன்றைக்கே அனுப்பிவிட்டான். அதே சிரிப்பு, அதே கை, நாலு விரலும் சரியாகத் தோளில். எட்டடி உயரத்துக்கு அதைப் பெரிதாக்கி நடுவில் வைத்தேன். வைக்கும்போதும் எரிந்தது. வைத்தேன்.

கீழே வரவேற்பவர்கள் பட்டியலில் அவன் சொந்தக்காரர் எல்லோரும் வரிசையாக இருந்தார்கள். எனக்கு இடம், எல்லா ப்ளெக்ஸிலும் போலத்தான், வலது கீழ் மூலையில் கடை பேரும் செல் நம்பரும்.

பஸ்ஸிலிருந்து லேசாகக் காலைத் தாங்கியபடி இறங்கினான். மாலை போட்டார்கள், ஆத்தா ஆரத்தி எடுத்தது, வேட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் கூட்டத்துக்குப் பின்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ப்ளெக்ஸுக்கு முன்னால் வந்து நின்றான். தன் முகத்தைப் பார்க்கவில்லை. கஷ்டப்பட்டுக் குனிந்து வலது மூலையை வாசித்தான். வேட்டு ஓய்ந்த நேரம், அத்தனை பேர் முன்னாலும், என்னைத் தேடிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"நம்பர ஏன் இம்புட்டுச் சின்னதாப் போட்ட?"