டொக்டர் மட்டும் காட் எடுக்க மாட்டார்

ஸ்கேன் சென்டர் கவுண்டரில் இருக்க உடம்பைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. "இல்லை" என்பதை மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொல்லத் தெரிந்தால் போதும். வெள்ளவத்தையில் ஒரு தனியார் சென்டரில் நான் அந்த வேலையைத்தான் செய்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று அந்த "இல்லை"யை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கும் வயிறு எரிகிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேலையில் முதல் கிழமை

மட்டக்குளியிலிருந்து ஒரு தபால்காரர் வந்தார். வயிற்றில் ஓயாத நோ. அரசாங்க ஊழியர் காப்புறுதி அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். மனேஜர் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்தேன்: "ஐயா, வாட்டில அட்மிட் ஆனாத்தான் இந்தக் காப்புறுதி ஸ்கேனுக்குக் குடுக்கும். வெளியில இருந்து வந்து எடுக்கிறதெண்டா நீங்கள்தான் கட்டவேணும்."

அவர் கோபிக்கவில்லை. அந்தக் காட்டைத் திருப்பி எடுத்துக் கவனமாகத் துடைத்தார்.

"அப்ப தங்கச்சி, விழுந்து படுத்த பிறகுதான் என்ன வருத்தமெண்டு பார்க்கலாமோ?"

ரீச்சரின் போன்

ஸ்டெல்லா ரீச்சர் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். அரசாங்கப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறார். பாரிசவாதத்தில் விழுந்த கணவரையும் அவர்தான் பார்க்கிறார். ஒருநாள் சென்டருக்குப் போன் எடுத்தார். குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டேன். மார்பில் ஒரு கட்டி. அரசாங்க ஆஸ்பத்திரியில் மெஷின் பழுது, திருத்தி முடிய அழைப்போம் என்றார்களாம். மாதங்கள் போய்விட்டன, அழைப்பு வரவில்லை. தனியாரிடம் காட்டலாமென்றால், கேட்ட இடமெல்லாம் அதே அரசாங்கக் காப்புறுதி செல்லாது என்கிறார்கள்.

அவருக்காக மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே போன் சுற்றத் தொடங்கினேன். ஒரு இடத்தில் லைனைப் பிடித்துவைத்துப் பாட்டுப் போட்டார்கள். இன்னொரு இடத்தில் ஆளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரேயொரு சென்டர் மட்டும் "ஓம், அந்தக் காட் எடுப்பம்" என்றது. சந்தோஷத்தில் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த பிள்ளை அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"மிஸ், கொஞ்சம் இருங்க, எங்கட மெஷின் காட் எடுக்கும், படத்தப் பார்த்து ரிப்போட் எழுதுற டொக்டர்தான் எடுக்க மாட்டாரு."

புறக்கோட்டை முதலாளி

ரீச்சருக்காகப் போன் சுற்றிய அதே கிழமை புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி வந்தார். ஒரு நோய், வருத்தமும் இல்லை. உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட வேண்டுமாம். தனியார் காப்புறுதிக் காட்டைக் கண்டதும் மனேஜர் எழும்பிவந்து கதவைத் திறந்தார். பெஞ்சில் காத்திருந்தவர்களைத் தாண்டி அவரை உள்ளே விட்டது நான்தான். வெளியே வந்தவர் அதே பெஞ்சைப் பார்த்தார்.

"நான் சும்மா வந்த ஆள், மகள், என்னை ஏன் முதல்ல எடுத்தீங்க?"

இருட்டறைக்குள்

பொறுக்க முடியாமல், ஸ்கேன் படம் பார்க்கிற இருட்டறைக்குள் எங்கள் ரேடியோலஜிஸ்ட்டிடமே போய்க் கேட்டேன். அவருக்குக் காலையில் ரீச்சர் காத்திருக்கிற அதே அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் எங்கள் சென்டர். திரையில் யாருடையதோ ஈரல் ஓடிக்கொண்டிருந்தது. "டொக்டர், ஒரே ஒரு ரீச்சர். சம்பளத்தில மாதாமாதம் இந்தக் காப்புறுதிக்கு வெட்டுறாங்கள். உங்கட ஆஸ்பத்திரி மெஷின்தான் பழுது. இங்கயாவது பார்க்க மாட்டீங்களா?"

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வாட்டில் அட்மிட் ஆகாமலும் எடுக்கலாம்தான், ஆனால் காப்புறுதிக்காரர் பணம் அனுப்பக் காலம் எடுக்கும், அதற்கிடையில் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டும், தன்னால் முடியாது என்று அமைதியாக விளக்கினார். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அந்த உண்மை ரீச்சருடைய கட்டியை ஒரு நூல்கூடக் கரைக்காது. நான் கதவடிக்குப் போனபோது, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்.

"இந்த நாட்டில வைத்தியம் இலவசம்தானே, அவவை ஆஸ்பத்திரியிலயே பொறுமையா இருக்கச் சொல்லுங்கோ."

கிருலப்பனை

காட் எடுக்கிற ஒரு டொக்டரை நான் தேடிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பொய். மருந்துகள் கொண்டுவரும் ரெப் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: கிருலப்பனையில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் ஒரு லேடி டொக்டர் இருக்கிறார், அந்தக் காப்புறுதியை எடுக்கிறார். சனிக்கிழமை லீவு போட்டு ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். படியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். டொக்டர் சிங்களத்தில் கேட்க, ரீச்சர் தமிழில் சொல்ல, நடுவில் நான் மாற்றி மாற்றிச் சொன்னேன். டொக்டர் ஸ்கேன் செய்து முடித்தார். பிறகு ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிந்திவிட்டது, ஆனால் இன்னும் கைமீறவில்லை" என்றார். அதைத் தமிழில் ரீச்சருக்குச் சொன்னது நான்தான்.

ஒப்பரேஷன் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. நன்றாகவே செய்தார்கள், ஒரு சதம் கேட்கவில்லை. ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். முதலிலேயே பார்த்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்று வாட்டில் டொக்டர் சொன்னாராம். வாட்டுக்குப் போய்க் கட்டிலடியில் நின்று நான் அழுதேன். ரீச்சர் அழவில்லை. பிழையான கணக்கைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீங்கள் எல்லாரும் என்னோட நல்ல மரியாதையாக் கதைச்சனீங்கள், ஒராள் கத்தியிருந்தாலும் நானும் கத்தியிருப்பன், இது நடந்திருக்காது."

நான் இன்னும் அதே கவுண்டரில்தான் இருக்கிறேன், ஆனால் இப்போதெல்லாம் காட் செல்லாது என்று சொல்லிவிட்டு, கிருலப்பனைக்கு எந்த பஸ் என்பதையும் மனேஜருக்கே கேட்கிற மாதிரிக் கத்திச் சொல்கிறேன்.