மாசி போடாத சம்பல்

1930களில் இலங்கை மலைநாட்டில், அட்டன் கடைவீதியில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. நான் ஆறு மாதக் கர்ப்பிணி. கணவரோடு கினிகத்தேனைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. விடாத மழை. பசியில் எனக்குத் தலை சுற்றியது.

அப்போது குடையோடு ஓடி வந்தாள் மெனிக்கே. வாரந்தோறும் எங்கள் கடைக்கு வெற்றிலை கொண்டுவரும் சிங்களப் பெண். அதற்குமேல் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பாதையோரமே இருந்த தன் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போய், சோறும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள்.

நாங்கள் சைவம். அவர்கள் வீட்டுச் சம்பலில் மாசிக் கருவாடு இல்லாமல் இருக்காது. அத்தனை பசியிலும் என் கை சோற்றுக்குப் போகவில்லை.

"சாப்பிடுங்க அம்மா, மாசி போடல்ல" என்றாள். "அம்மியும் சாம்பல் போட்டுக் கழுவித்தான் அரைச்சது."

"நாங்க சாப்பிட மாட்டோம்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துக் கடையில மாசி மூட்டை பிரிச்ச நேரம், மூக்கப் பொத்திக்கிட்டு உள்ளுக்குப் போனீங்க தானே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் பிள்ளைகளும் மாசியில்லாத அதே சம்பலை முகம் சுளித்துக்கொண்டே தின்றார்கள்.

கிளம்பும்போது, "ஒங்களுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டேன்.

"தோசை" என்று வெட்கத்தோடு சிரித்தாள். "கடைக்கு வாற நேரமெல்லாம் உள்ளுக்கிருந்து வாசம் வரும். தின்னது இல்ல."

அடுத்த வாரம் அவளை எங்கள் அடுப்படியில் உட்காரவைத்துச் சுடச்சுடத் தோசை வார்த்துப் போட்டேன். முதல் விள்ளலை அவள் வாயில் வைத்தபோது, எத்தனை வாரங்கள் அவளை வெறும் வாசத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.