வைரஸ் வராத கம்ப்யூட்டர்

இன்னைக்குக் கம்பெனி பஸ்ஸில் என் மானம் போச்சு.

பெங்களூரிலிருந்து பையன் போன் பண்ணி, "அப்பா, வீட்டுக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு சொல்லுங்க, இங்க இருந்தே பாத்துக்கறேன்" என்றான்.

பஸ் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. நானும் என் பத்தாங்கிளாஸ் இங்கிலீஷில் "சி, ஹெச், இ, எல், எல், ஏ..." என்று ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினேன். முன் சீட்டிலிருந்த சூளகிரி முனிராஜு எழுந்து நின்று, "யாரு சார் அந்த செல்லக்குட்டி?" என்றான். பஸ்ஸே சிரித்தது.

போனில் இருந்தவன்தான் அது. வயசு இருபத்தஞ்சு, சாஃப்ட்வேர் இன்ஜினியர்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டுப் போனான். "ஆபீஸ்லயும் சண்டை போட்டு இதுக்குத்தான் மாத்த வெச்சேன்ப்பா. வைரஸ் வராது. இனிமே மாசாமாசம் ஃபார்மட் பண்ண நான் பஸ் ஏறி வர்ற வேலையே இல்ல" என்றான் பெருமையாக.

"ரொம்ப நல்லதுப்பா" என்றேன். மிஷின் நிற்காமல் ஓடினால் கைதட்டுகிற கம்பெனியில் இருபது வருஷமாக இருக்கிறவன் வேறென்ன சொல்வேன்?

வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் ஜோராக ஓடுகிறது. அவன் அம்மா தவறின பிறகு இந்த வீட்டில் சத்தம் போடுவது அது ஒன்றுதான். ஒரு ஆளுக்கு அரிசி களைந்து வைத்துவிட்டு இதை டைப் பண்ணுகிறேன்.

லினக்ஸில் வைரஸ் வரவைக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

அவனிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: பழசையே போட்டுக் குடுடா, மாசத்துக்கு ஒரு ஞாயிறாவது நீ வருவே.