பிடியரிசியும் ஒரு துண்டு மீனும்

வண்டூரிலிருந்து காலை பஸ்ஸில் மீன் கூடையோடு ஏறும் பெண்களில் சூசைமேரி தனியாகத் தெரிவாள். மற்றவர்கள் சீட்டுக்குச் சண்டை போடுவார்கள். அவள் கூடையைக் காலருகே வைத்து, கம்பியைப் பிடித்தபடி சும்மா நிற்பாள். கராச்சர்மாவில் இறங்கியதும் "மச்சி, தாஜா மச்சி" என்று தெருத்தெருவாகக் கூவிப் போவாள். மீன், புது மீன் என்று அர்த்தம். அவளுக்கு அவ்வளவு இந்திதான் தெரியும் என்று புதிதாக வாங்குகிறவர்கள் நினைப்பார்கள். பேரம் பேசினால்தான் மீதி இந்தி வெளியே வரும்.

கன்னியாகுமரிக் கரையில் பிறந்தவள். மிக்கேலைக் கட்டிக்கொண்டு கப்பலேறி, இந்தி பேசும் இந்தத் தீவுக்கு வந்தாள். அவன் படகில் போய்ப் பிடித்து வருவதை இவள் விற்பாள். கேட்டவர்களுக்கு வாசலிலேயே உட்கார்ந்து வெட்டியும் கொடுப்பாள். ஒரே மகள் பிரவீனா சென்னையில் வேலை பார்க்கிறாள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கண் மங்கத் தொடங்கியது. முதலில் பஸ்ஸின் போர்டு தெரியவில்லை. பிறகு மீனின் செவுள் சிவப்பா பழுப்பா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒருநாள் சூரை வெட்டும்போது விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கண்ணில் புரை, உடம்பில் சர்க்கரை. சர்க்கரை இறங்கினால்தான் கண்ணில் ஆபரேஷன் செய்ய முடியும் என்றார் டாக்டர். கண் இல்லாமல் கத்தி பிடிக்க முடியாது. கத்தி பிடிக்க முடியாவிட்டால் பிழைப்பு இல்லை. அவளுக்கு அது யாரும் சொல்லாமலே புரிந்தது.

பிரவீனா சென்னைக்குப் போன பிறகு மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டிருந்தாள். பயறும் கீரையும் காயுமாகச் சாப்பிட்டு, வருஷக்கணக்காக இருந்த தலைவலி போய்விட்டது என்றாள். அம்மாவும் அப்படியே செய்யட்டும் என்று தினமும் போனில் சொன்னாள். சூசைமேரி சிரித்து மழுப்பினாள். மீன்காரி மீனை விட்டால் ஊர் சிரிக்காதா?

அந்த நேரத்தில்தான் வேளாங்கண்ணி மாதா கொடி ஏறியது. கொடி ஏறினால் அவர்கள் வீட்டில் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். திருவிழா முடியும்வரை சைவம்தான். அந்த முறை மெயின்லேண்டிலிருந்து காய்கறி ஏற்றி வரும் கப்பல் சொன்ன நாளில் ஹேடோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பீன்ஸ், வெண்டைக்காய், புடலங்காய் என்று கடைகள் நிறைந்து கிடந்தன. சூசைமேரி ஆசையோடு வாங்கி, தேங்காய் துருவிப் போட்டு விதவிதமாகத் துவரன் வைத்தாள். சாயங்காலம் கோயிலில் கொடுத்த பயறும் கஞ்சியும் குடித்தாள். திருவிழா முடிவில் சோதித்துப் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்.

அவள் நேரே கோயிலுக்குப் போய் மாதா முன்னால் முழங்காலிட்டாள். தாயே, இனி ஆயுசுக்கும் மீன் தொடமாட்டேன், எனக்குக் கண்ணைக் கொடு என்று நேர்ந்துகொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. திருவிழாச் சாப்பாடுதான் வருஷம் முழுக்கக் கிடைக்கும் என்று அந்தச் சந்தோஷத்தில் நினைத்துவிட்டாள்.

பிறகு நடுக்கடல் கெட்டது. கப்பல் வரவில்லை. கடையில் மிஞ்சியது உருளைக்கிழங்கும் வெங்காயமும். வீட்டுப் பின்னால் மரச்சீனிக் கிழங்கு இருந்தது. அவள் தட்டில் சோறு, சோற்றுக்கு மேல் உருளைக்கிழங்கு, சாயங்காலம் மரச்சீனி. என்ன தின்றாலும் கொஞ்ச நேரத்தில் பசித்தது. பசித்தால் மறுபடி சோறு.

மிக்கேலுக்குப் பொறுக்கவில்லை. தன் தட்டிலிருந்து நடுத்துண்டு மீனை எடுத்து அவள் தட்டில் வைப்பான். அவள் அதைத் திருப்பி வைப்பாள்.

"ஏட்டி, மீன் விக்கியவ கெழங்கு தின்னா, மீன் பிடிக்கியவன் என்னத்தத் தின்ன? புல்லா?" என்றான்.

"நேர்ந்தது நான். நீங்க தின்னுங்க."

"ஒனக்க மாதா கடக்கரையிலதான இருக்கா. அவளுக்குத் தெரியாதா நம்ம பாடு?"

தேதி வருவதற்குள் மறுபடி சோதித்தார்கள். சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். அன்று போனில் பிரவீனா அழுதுவிட்டாள். சோறும் கிழங்கும் தின்பதா தான் சொன்ன சாப்பாடு என்று கேட்டாள். கப்பல் வரவில்லையே மக்கா என்றாள் இவள்.

மறுநாள் கராச்சர்மாவில் வேலாயி வீட்டு வாசலில் கூடையை இறக்கியவள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். வேலாயி அவளிடம் வழக்கமாக வாங்குகிறவள். சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பம். கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், சுனாமிக்குப் பிறகு இங்கே வந்துவிட்டார்கள். தண்ணீர் கொடுத்து விஷயத்தைக் கேட்டவள் வேலிப்பக்கம் போய்க் கொடிப்பசலையும் முருங்கைக்கீரையும் மடி நிறைய ஒடித்துக்கொண்டு வந்தாள்.

"கப்பல் வரலைன்னா கீரை மொளைக்காதாக்கா? இத்தனை நாளா என் வேலியைத் தாண்டித்தானே போறீங்க" என்றாள்.

"கண்ணுதான் தெரியலியே" என்றாள் சூசைமேரி. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அன்றுமுதல் கீரை வந்தது. கொஞ்சம் தெம்பும் வந்தது. ஆனால் கீரையையும் அவள் சோற்றில் பிசைந்துதான் சாப்பிட்டாள். சர்க்கரை அசைந்து கொடுக்கவில்லை. கொஞ்சம் மீனும் சேர்த்து, சோற்றைக் குறைத்தால் பசி தாங்கும் என்றார் டாக்டர். நேர்ச்சையை எப்படி மீறுவது? மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் கண் வருமா?

கடைசியில் பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் ராஞ்சிக்காரர், தமிழ் தெரியாது. பேரம் பேசும் இந்தியை வைத்துக்கொண்டு, வெட்கத்தோடு தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நேர்ச்சையைத் தூக்கி எறிய வேண்டாம், அதை வேறொரு நல்ல காரியமாக மாற்றித் தரப் பங்குச் சாமியாருக்கு அதிகாரம் உண்டு என்றார். மாதாவுக்கு எதைக் கொடுக்க நினைத்தாய் என்று கேட்டார். எனக்கு ரொம்பப் பிடித்ததை என்றாள்.

"தும்கோ சப்ஸே ஜ்யாதா க்யா பசந்த் ஹை?" ரொம்பப் பிடித்தது எது என்றுதான் கேட்டார்.

மீன் என்று சொல்ல வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். நல்ல மீன் எல்லாம் எப்போதும் கூடையில் போய்விடும். வீட்டில் அவள் பங்குக்குத் தலையும் வாலும்தான். அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. அவளுக்கு உயிராக இருந்தது வேறு. சூடான சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றி, இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் போட்டுத் தின்பது. மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மட்டும் குறைந்ததில்லை.

"சாவல், ஃபாதர்" என்றாள், குனிந்துகொண்டு. சோறு.

சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். அப்படியானால் ரொம்பப் பிடித்ததை நீ வைத்துக்கொண்டு வேறு எதையோ அல்லவா மாதாவுக்குக் கொடுத்திருக்கிறாய் என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஊரில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கோயிலுக்கென்று ஒதுக்கும் வழக்கத்தை அவளே சொன்னாள். அதையே நேர்ச்சையாக்கிக் கொடுத்தார் அவர். ஒரு பிடி போதாது, உன் பங்கில் பாதியை எடு, இந்தக் கோயிலைச் சேர்ந்த நோயாளி வீடுகளுக்கு அந்த அரிசி போகட்டும் என்றார். மீனை அளவோடு தின்னச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்தாள். உலை வைக்கும்போதெல்லாம் தன் பங்கில் பாதியை அதில் போட்டாள். அதற்குள் கப்பலும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. தட்டில் இப்போது பாதிக்குமேல் கீரையும் பயறும், ஒரு துண்டு மீன், ஒரு கரண்டி சோறு. ஆரம்பத்தில் சட்டியைப் பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்கினாள். பிறகு பழகிவிட்டது. டிசம்பர் பிறந்தபோது ஆபரேஷன் நடந்தது.

கட்டுப் பிரித்ததும் எதிரே நின்ற மிக்கேலை உற்றுப் பார்த்தாள்.

"ஒங்க தலை எப்ப இப்பிடி நரைச்சுது?"

"நீ பாக்காத நேரம் பாத்துதான்" என்றான் அவன். துண்டை உதறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கிறிஸ்துமஸுக்குப் பிரவீனா வந்தாள். அவள் இன்னும் மீன் தொடுவதில்லை. அப்படியானால் யார் செய்தது சரி என்று மிக்கேல் இருவரையும் மூட்டிவிடப் பார்த்தான். சூசைமேரி அதில் மாட்டவில்லை. அவளுக்கு அது நல்லா இருக்கு, எனக்கு இது நல்லா இருக்கு என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "நீ சொல்லலன்னா நான் காயும் கீரையும் தின்னு பாத்திருக்கவே மாட்டேன் மக்கா" என்றாள். பிரவீனா அம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கிப் பயற்றைக் கிளறினாள்.

ஒரே அடுப்பில் மகளுக்குக் கீரைக் குழம்பும் மற்ற இருவருக்கும் அயிலை மீன் குழம்பும் மாறி மாறி ஏறின. மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் சூசைமேரியின் சாப்பாட்டு ஜெபம் ஒரு மூச்சில் முடிந்துவிடும். இப்போது கடலுக்கு, கடலிலிருந்து திரும்பி வந்தவனுக்கு, வேலாயி வீட்டு வேலிக்கு, எப்படியோ வந்து சேர்ந்த கப்பலுக்கு, டாக்டருக்கு, சிரித்த சாமியாருக்கு, தூரத்திலிருந்து போனில் அழுத மகளுக்கு என்று ஒவ்வொன்றாக நன்றி சொல்லிக்கொண்டே போனாள்.

மிக்கேல் ஒற்றைக் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தான்.

"ஏட்டி, ஆமென் சொல்லு. கறி ஆறுது."